ஐந்து மாதம் பிந்திய ஜனாஸா அறிவித்தல்

மாத்தளையில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போய் நாவுல வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பி, மாத்தளை மாத்தளை என்று தொண்டை கிழியக் கத்தினேனே, நீங்கள் அசையவே இல்லையே என்று சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதைத் தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, "பரவால்லங்க, திரும்பிப் போற பஸ் அந்தப் பக்கம் நிக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று.

நான் போனது ஒரு மரணத்தைச் சொல்ல. அதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி ராமநாதபுரத்தில் கிளம்பும்போதே கேட்டாள். சொன்னேன், இல்யாஸிடம் மட்டும் சொன்னேன். மாத்தளை டவுனில் கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கிற வியாபாரி இல்யாஸ். இறந்துபோன நவ்ஷாதின் மனைவி ரிஸ்வானா அவருடைய தங்கை. போனில் அவர், "தங்கச்சிக்கு நான் இன்னம் செல்லல்ல. நீங்க வந்து பள்ளிவாசல்ல செல்லணும். கண்ணால கண்டவங்க ரெண்டு பேர் வேணும், அதுல ஒருத்தராவது நேர்ல வரணும்னு மவ்லவி செல்றார்" என்றார். சொல்வதை அவர்கள் பேச்சில் செல்வது என்பார்கள், இருப்பதை ஈப்பது. இன்னொரு சாட்சி எங்கள் தண்டல், அதாவது லாஞ்சியின் தலைவர். அவர் தூத்துக்குடியில் படுக்கையில் இருக்கிறார். அதனால்தான் நான் பஸ் ஏறினேன்.

நவ்ஷாத் எங்கள் பண்டாரி. மரத்தில் செய்த சரக்கு லாஞ்சிகளில் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்ப்பவன். வளைகுடாவில் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு வெங்காயம், பழைய டயர், குழந்தைகளுக்கான டயப்பர் என்று ஏற்றிக்கொண்டு போவோம். அன்றைக்கு எங்கள் முதலாளியின் இரண்டு லாஞ்சிகள் முன்னும் பின்னுமாகப் போயின. முன்னால் போனதில் நவ்ஷாத். பின்னால் போனதில் நான். வானத்திலிருந்து ஒன்று வந்து முன்னால் போனதைத் தீயாக்கிவிட்டுப் போயிற்று. ஒரு பெரிய நாட்டின் ஜனாதிபதி, இன்னொரு நாட்டுக்காரர்களுக்கு ஆயுதம் கொண்டுபோன படகை அழித்துவிட்டதாகத் தன் போனிலிருந்தே உலகத்துக்குச் சொன்னாராம். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. எழுதி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அது யுத்தம் இல்லை என்றும் அவர் சொன்னாராம். யுத்தம் என்றால் அவர்கள் பாராளுமன்றத்தைக் கேட்க வேண்டும். கேட்கவில்லை, ஆகவே யுத்தமில்லை. இந்தக் கணக்கு எங்கள் தலையிலும் விழுந்தது. மறுநாள் எங்கள் லாஞ்சியைப் பக்கத்து நாட்டுக் கரைக் காவல்காரர்கள் இழுத்துக்கொண்டு போய், போன்களைப் பிடுங்கி, எங்களை ஒரு கொட்டகையில் போட்டார்கள். யுத்தம் இல்லாததால் நாங்கள் யுத்தக் கைதிகள் இல்லை. குற்றம் செய்யாததால் குற்றவாளிகளும் இல்லை. எங்களை வெளியே விடுவதற்கு எந்தச் சட்டத்தைப் பிடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் அப்படியே போயிற்று, பிறகு ஒருநாள் காரணம் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். லாஞ்சி முதலாளி, எல்லோரும் பிடிபட்டு இருக்கிறார்கள், நவ்ஷாதும் அதில்தான் என்று ரிஸ்வானாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். அவருக்கும் உண்மை தெரியாது என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

இல்யாஸ் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். கனத்த உடம்பு, சட்டையெல்லாம் கராம்பு வாசம். கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பள்ளியில் பேசுவது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என்றும், அதுவரை நான் கடை மாடியில் தங்கலாம் என்றும் சொன்னார். நான் வந்தது புதன்கிழமை. இரண்டு நாளும் தங்கையின் கண்ணில் படாமல் என்னை ஒளித்து வைப்பதாகத் திட்டம். மாத்தளை டவுனில் ஒருவரை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்த அவருடைய வெள்ளை மனசை என்ன சொல்ல. மாலைக்குள் எதிர்க்கடை, பக்கத்துக் கடை, பேக்கரிப் பாண் விற்கிற வேன்காரர் எல்லோரும் இந்தியாவிலிருந்து ஆள் வந்திருப்பதை விசாரித்துவிட்டார்கள்.

அன்று இரவு கொத்து ரொட்டி வாங்கி வந்தார். தகரத்தில் கத்தி அடிக்கிற சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்டது. எங்கள் ஊர்ப் பரோட்டாக் கடையிலும் அந்தச் சத்தம் உண்டு. இங்கே காரம் ஒரு படி அதிகம். கண்ணில் நீர் வந்தது. இல்யாஸுக்கும் வந்தது. இருவரும் காரத்தின் மேல் பழியைப் போட்டோம்.

வியாழக்கிழமை காலையில் என்னை ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிப் போனார். ஊர் சுற்றிக் காட்ட அல்ல, ஊரிலிருந்து அப்புறப்படுத்த. அவருடைய திரீவீலரில் ரத்தோட்டை தாண்டி ஏறினோம். வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடலில் எவ்வளவு ஆட்டத்துக்கும் அசையாத எனக்கு மலை ஆகவில்லை. தேயிலை, மிளகுக்கொடி, பிறகு எல்லாமே பனி. காட்சி பார்க்கிற இடத்தில் நின்று இரண்டு பேரும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "தெளிஞ்சா லக்கல பக்கம் வயல் எல்லாம் தெரியும்" என்றார் இல்யாஸ். தெளியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு மிச்சம் வேதனையா ஈந்திச்சா?" என்று பனியைப் பார்த்தபடியே கேட்டார். அதிக நேரம் இல்லை என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார்.

இறங்கும்போது கிளட்ச் கேபிள் அறுந்தது. உருட்டிக்கொண்டே வந்து ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். கடைக்காரி செல்வி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், முழங்கால் வலியால் விட்டுவிட்டுக் கடை போட்டிருக்கிறாள். இஞ்சி போட்ட பிளேன்டீயும் சூடான ரொட்டியும் மிளகாய் இடித்த கட்ட சம்பலும் கொடுத்தாள். நான் வளைகுடாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் பெஞ்சுக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மக அங்கதாங்க வீட்டு வேலைக்குப் போயிருக்கா. லீவுல வரவேண்டியவ. பிளேன் ஓடலைன்னு அப்ப வர முடியல. ஏஜண்டக் கேட்டா சண்டைங்கிறான். டிவியில அந்த ஜனாதிபதி சண்டையே இல்லைங்கிறாரு. நான் யாரைங்க நம்புறது?"

"அவங்கட பாராளுமன்றத்துல கேட்டுத்தான் யுத்தம்னு செல்ல ஏலுமாம்" என்றார் இல்யாஸ். "கேக்காம அடிச்சா அதுக்கு வேற பேராம்."

"அடி வாங்குறவனுக்கு என்ன பேராம்?" என்று கேட்டாள் செல்வி. இல்யாஸ் ரொட்டியைப் பிய்த்தார். அவளே தொடர்ந்தாள். "தமிழ் ஆளுங்கன்னு இங்கயும் எங்க லயத்து வீடுங்கள்ல வந்து அடிச்சாங்க, எரிச்சாங்க. நான் சின்னப்புள்ள. எந்தப் பேப்பர்ல போட்டுட்டு அடிச்சாங்க? விடிஞ்சா வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. போனோம்." சொல்லிவிட்டு என் கிளாஸை வாங்கி, கேட்காமலே இன்னொரு தேநீர் ஊற்றினாள்.

கேபிள் வந்து சேர்வதற்குள் இல்யாஸின் போன் அடித்தது. தங்கை. முகம் போன போக்கில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேன்காரர் பாண் கொடுக்கும்போது செய்தியையும் கொடுத்திருக்கிறார். தன் கணவரோடு இருந்த ஆளைக் கடை மாடியில் தங்கவைத்துக் கொத்து வாங்கிக் கொடுத்தாயா, உனக்குக் கொஞ்சமாவது மனசு இருக்கிறதா என்று அவள் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கியது எனக்கே கேட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டுமாம். நான் விடுதலையாகி வந்திருப்பதால் அடுத்து அவர் வருவார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அந்த வீட்டுக்குப் போன மாதிரி ஒரு இடத்துக்கு இனி நான் போகக்கூடாது. சிறிய வீடு, வாசலில் ஒரு சாதிக்காய் மரம். ரிஸ்வானா முக்காட்டைச் சரி செய்துகொண்டு கதவருகே நின்று, "வாங்க நானா, உள்ளுக்கு வாங்க" என்றாள். நானா என்றால் அண்ணன். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் மருதாணி வெளிறிப்போய் நகத்தில் மட்டும் சிவப்பாக நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் மாமா மகளின் கல்யாணமாம். நெய்ச்சோறு, கோழி, பிஞ்சுப் பலாவில் பொலஸ் கறி, சம்பல், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெரிய வட்டிலப்பம். நல்ல காரியத்துக்குச் செய்கிற பண்டம் அது.

"அவர் நல்லமா ஈக்காரா நானா?" என்று கேட்டாள்.

இல்யாஸ் குறுக்கே விழுந்து, "சாப்புட உடு புள்ள" என்றார். நான் வட்டிலப்பத்தை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கேள்விக்கு இன்னொரு துண்டு. அவர் அங்கேயும் சமைக்கிறாரா, தேத்தண்ணியில் கறுவாப்பட்டை போடுகிறாரா, மெலிந்துவிட்டாரா. ஒவ்வொன்றுக்கும் நான் தின்றுகொண்டே இருந்தேன். கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்ப்பாலுமாக அவ்வளவு ருசி. அந்த ருசியைக் கண்டுபிடித்த என் நாக்கின் மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. தலை நிமிர்ந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இவ்வளவு பசியாவா உங்கள வச்சிருந்தாங்க?" என்றாள். "அப்ப அவரும் பசியோடதானே ஈப்பார்."

வெளியே வந்து வேலியோரமாக எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். இல்யாஸின் மனைவி பஸீலா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று ரிஸ்வானாவிடம் அவள்தான் சொல்லிச் சமாளித்தாள். திரும்பும்போது பஸீலா மெதுவாகச் சொன்னாள், வெள்ளைத் துணி வாங்கி வைத்திருக்கிறாளாம், ரிஸ்வானாவின் அறைக்குத் திரையும் தைத்துவிட்டாளாம். கணவன் மவுத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல், அலங்காரம் இல்லாமல் துக்கம் காக்கிற காலம் அது. இங்கே வெள்ளை உடுத்துவார்கள். நாளை மாலை முதல் அவள் அந்தத் திரைக்குப் பின்னால் போய்விடுவாள், அவள் முகத்தை இனி நான் பார்க்க வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளியின் பக்க அறையில் உட்கார்ந்தோம். மவ்லவி என்னைவிட இளையவர், மெல்லிய குரல். நிர்வாகத்தில் மூன்று பேர். தண்டலின் முகம் ஒரு போன் திரையில். அவர் முதலில் பேசினார், பாதியில் உடைந்துவிட்டார். பிறகு என்னைக் கேட்டார்கள். கண்ணால் கண்டீர்களா என்றார் மவ்லவி. கண்டேன். முகம் அடையாளம் தெரிந்ததா. தெரிந்தது. அந்த லாஞ்சியில் கைக்கு எட்டியவர் அவர் ஒருவர்தான், எங்கள் லாஞ்சிக்கு இழுத்துப் போட்டபோது உயிர் இருந்தது, என் மடியில்தான் போயிற்று. குளிப்பாட்டினீர்களா. காயம் அப்படி, முடிந்த அளவு செய்தோம். பாய்த்துணியில் சுற்றிக் கபன் இட்டோம். தண்டல் திசைகாட்டியைப் பார்த்துத் தொழும் திசையான கிப்லாவைச் சொன்னார். ஐந்து பேரும் வரிசையில் நின்று தொழுதோம். கரை கிடைக்கவில்லை, கடலில் இறக்கினோம்.

நிர்வாகத்தில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். "யாருக்கும் யாருக்கும் யுத்தம்?" என்று கேட்டார். யுத்தம் இல்லை என்றேன். "அப்ப எதுல மவுத்தானார்னு ஸ்பீக்கர்ல செல்றது?" அறையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். விபத்து என்றால் பொய். யுத்தம் என்றால் அதை நடத்தியவரே இல்லை என்கிறார். அவர் நாட்டில் கேட்டால் யுத்தமே இல்லாத இடத்தில் இறந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்பார்கள். ஒரு பாராளுமன்றத்தையும் கேட்காமல் ஒரு ஆள் கை நீட்டிக் காட்டியதற்கு, மாத்தளையில் நாலு பேர் உட்கார்ந்து பெயர் தேட வேண்டியிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, யாரிடம் போவது என்றும் தெரியவில்லை.

மவ்லவி தேதியைக் கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து சுவரில் தொங்கிய ஹிஜ்ரி கலண்டர் முன்னால் நின்றார். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இத்தா மவுத்தான நாள்ல இருந்துதான்" என்றார் கடைசியில். "செய்தி கெடச்ச நாள்ல இருந்து இல்ல. நாலு மாசம் பத்து நாள் எப்பவோ முடிஞ்சி. தங்கச்சி இனி இத்தா இருக்கத் தேவல்ல."

இல்யாஸுக்குப் புரியவில்லை. "இண்டைக்குத்தானே தெரியும் அவளுக்கு" என்றார்.

"தெரியாம ஈந்தாலும் அந்தக் காலம் போயிட்டு. அழலாம். அழ வேணாம்னு யாரும் செல்ல ஏலா. ஆனா இத்தான்னு உக்கார ஏலாது." மவ்லவி மறுபடியும் கலண்டரைப் பார்த்தார். சட்டத்தை அவர் எழுதவில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தார்.

நானும் பள்ளிவாசல் ஊரில் பிறந்தவன்தான். எங்கள் கரையில் ஆண்கள் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்ததுண்டு. இருந்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திரை தைத்த பஸீலாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. நேற்று எனக்கு நெய்ச்சோறு போட்டவள் அப்போதே இத்தா முடிந்த விதவை. மருதாணி வைத்துக் கல்யாணத்துக்குப் போனவள் அன்றைக்கு இத்தாவில் இருந்திருக்க வேண்டியவள்.

இல்யாஸும் பஸீலாவும் மவ்லவியின் மனைவியும் வீட்டுக்குள் போனார்கள். நான் சாதிக்காய் மரத்தடியில் நின்றேன். அந்த நேரம் பள்ளி ஒலிபெருக்கி இரைந்தது. ஜனாஸா அறிவித்தல் என்று, பாங்கு சொல்லும் மோதினார் தொடங்கினார். மரணம் நடந்தால் ஊருக்கு இப்படித்தான் சொல்வார்கள். நவ்ஷாத் அவர்கள் கடலில் வபாத்தானார்கள் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. எப்போது என்று சொல்லும்போது குரல் தடுமாறியது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு காயிப் ஜனாஸாத் தொழுகை, ஊரார் வரவும். உடல் இல்லாமல் தொழுகிற தொழுகை அது. ஊர் முழுக்க வந்தது. ஐந்து பேர் நின்ற வரிசை இங்கே தெரு வரைக்கும் நின்றது.

தொழுது திரும்பும்போது பஸீலா ஒரு பையோடு எதிரே வந்தாள். உள்ளே வெள்ளைத் துணியும் மடித்த திரையும். "கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க" என்றாள். பிறகு அங்கேயே வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பாதையோரத் தேநீர்க் கடை டிவியில் அந்த ஜனாதிபதி. நடவடிக்கை வெற்றியாக முடிந்துவிட்டது என்று கீழே எழுத்து ஓடியது. தொடங்கியதாகவே சொல்லாததை முடித்துவிட்டார். கடையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன், பார்த்து என்ன கண்டேன்.

பஸ் நிற்கிற இடத்தில் ரிஸ்வானா இல்யாஸோடு நின்றாள். நேற்று முன்தினம் போட்டிருந்த அதே நீல உடுப்பு. போகிற வருகிற ஆட்கள், பாண் வேன்காரர், டியூஷன் போகிற பிள்ளைகள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். அந்த முகத்தை ஒளித்துக்கொள்ள அவளுக்கு ஒரு திரை இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். என் கையில் ஒரு சிறு பொட்டலம் கொடுத்தாள். கறுவா. எங்கள் தண்டலுக்காம், தேத்தண்ணியில் போட.

"நானா, ஒண்டு கேக்கணும்" என்றாள். "அண்டைக்கு அவருக்காக யாராச்சும் அழுதீங்களா?"

அழுதோம் என்றேன். தண்டல் அழுதார், நான் அழுதேன், எங்கள் எஞ்சின்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"நல்லம்" என்றாள். மருதாணி நகங்களை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "அழ வேண்டிய நாள்ல நீங்களாச்சும் அழுதீக்கீங்க."